வெள்ளெலிப் புழுக்கையில் சினை ஹார்மோன்: கிட் வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ராகிக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாப்பாரப்பட்டி பக்கம். விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு இப்போது ஆய்வு மாணவனாகச் சேர்ந்திருக்கிறேன். எடுத்திருப்பது வெள்ளெலி, அதாவது டாட்டெரா இண்டிகா.

எங்கள் பக்கம் ஆடிப்பட்டத்தில் ராகியும் கடலையும் மானாவாரியாகப் போடுவார்கள். கொல்லை ஓரத்துக் கரடு, வேலிப்புதர், அகலமான வரப்பு என்று எங்கே பார்த்தாலும் வெள்ளெலி வளைதான். பெட்டைகள் எந்தெந்த மாதத்தில் சினைப்படுகின்றன, அது மழையை ஒட்டி நடக்கிறதா, கதிர் முற்றுவதை ஒட்டி நடக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பழைய ஆய்வுகளில் மாதாமாதம் எலிகளைப் பிடித்துக் கொன்று, வயிற்றைத் திறந்து கருக்களை எண்ணியிருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அதோடு, கொன்ற எலியை அடுத்த மாதம் மறுபடி பார்க்க முடியாது. ஒரே பெட்டை மழைக்கு முன் எப்படி இருந்தது, மழைக்குப் பின் என்ன ஆனது என்று தொடர வழியே இல்லை. அதனால் உயிரோடு பிடிக்கும் பெட்டிப்பொறி வைத்து, உள்ளே அது போடும் புழுக்கையை எடுத்துக்கொண்டு, அடையாளம் இட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அந்தப் புழுக்கையில் ஹார்மோன் அளக்க வேண்டும்.

நெறியாளர், மனித இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற சினை ஹார்மோனை அளக்க விற்கிற எலிசா சோதனைக் கிட் ஒன்றை வாங்கிப் பார்க்கலாம் என்கிறார். அது சரிப்படுமா? ஒரு எலி போடும் புழுக்கை அரைக் கைப்பிடிகூட வராது, அவ்வளவு போதுமா? எந்த நாளில் பருவத்துக்கு வருகிறது என்பதுவரை இதில் தெரியுமா? குளிர்ப்பெட்டி கல்லூரியில்தான் இருக்கிறது, கொல்லையில் எதுவும் கிடையாது. இந்த வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


மாங்கொல்லை:

தம்பி, நான் காவேரிப்பட்டணத்துக்காரி. என் முனைவர் பட்ட வேலையே வயல் எலிகளின் புழுக்கை ஹார்மோன்தான். அதன் பிறகும் பல வருடம் வெளியூரில் ஒரு ஹார்மோன் ஆய்வகத்தில் இருந்துவிட்டு இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன். கொல்லாமல் செய்வது என்று நீங்கள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் சந்தோஷம். அந்த முடிவுக்குத் தகுந்த மாதிரி வேலையும் கறாராக இருக்க வேண்டும் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

கிட் எண் கொடுக்கும். எந்தப் புழுக்கையைக் கரைத்து ஊற்றினாலும் ஏதோ ஓர் எண் கொடுக்கும். அந்த எண் வெள்ளெலியின் சினையைத்தான் சொல்கிறது என்று காட்டுவதில்தான் உங்கள் ஆய்வின் பாதி உழைப்பு போக வேண்டும். அதைச் செய்யாமல் ஒரு வருடம் மாதிரி சேர்த்தால் கடைசியில் கையில் அழகான வரைபடம் இருக்கும், அதற்கு என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏன் என்றால், சூலகத்தில் கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசு புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் சுற்றி, கல்லீரலில் உருமாறி, பித்தநீரோடு குடலுக்கு வந்து, அங்கே பாக்டீரியாவிடம் இன்னொரு முறை உருமாறித்தான் வெளியே வருகிறது. ஒரு பங்கு சிறுநீரில் போய்விடும். கடைசியில் புழுக்கையில் இருப்பது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோனே இல்லை, அதிலிருந்து பிறந்த பலவிதப் பிரெக்னேன்கள். மனித இரத்தத்துக்கான கிட் அசல் புரோஜெஸ்டிரோனை மட்டும் பிடிக்கிற மாதிரி கூர்மையாகச் செய்யப்பட்டது. இரத்தத்துக்கு அந்தக் கூர்மைதான் தேவை. ஆனால் புழுக்கையில் அதை வைத்துத் தேடுவது, களி தின்றவர் வயிற்றில் ராகி மணியைத் தேடுவது மாதிரி ஆகிவிடும்.

கிட்டில் ஹார்மோனைப் பிடிப்பது ஆன்டிபாடி என்ற புரதம். நமக்கு வேண்டியது அந்தப் பிரெக்னேன் குடும்பத்தையே பிடிக்கிற ஆன்டிபாடி. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கோராலி மன்ரோ மற்ற ஆய்வகங்களுக்கு வழங்கிய சிஎல்425 அப்படிப்பட்டது. யானையிலிருந்து தொடங்கி உலகம் முழுக்க மிருகக்காட்சி சாலை விலங்குகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதுதான் வெள்ளெலிக்கும் சரி என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று ஆன்டிபாடிகளை ஒரே மாதிரிகளில் ஓட்டிப் பார்த்து, எது சினையையும் சினையில்லாததையும் தெளிவாகப் பிரிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு இனத்தில் சரிப்பட்டது என்பதற்காக உங்கள் எலியிலும் சரிப்படும் என்று நம்பாதீர்கள். 2003ல் டூமா, பால்மே முதலானவர்கள் ஆய்வகச் சுண்டெலிகளுக்குக் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற பதற்ற ஹார்மோனைக் கதிரியக்கக் குறியிட்டு ஊசி போட்டு, அது எங்கே, எப்போது வெளியேறுகிறது என்று பின்தொடர்ந்தார்கள். ஒரே இனம், ஒரே ஹார்மோன். அப்படியிருந்தும் ஆணில் மலத்தில் வெளியேறும் பங்கு பெண்ணைவிட அதிகமாக இருந்தது. ஊசி போட்டது பகலிலா இரவிலா என்பதும் கணக்கை மாற்றியது. ஒரு இனத்துக்குள்ளேயே இத்தனை வித்தியாசம் என்றால், அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து பாப்பாரப்பட்டிக் கரட்டில் வைக்க முடியாது அல்லவா?

ஆய்வகத்தில் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. பல புழுக்கைச் சாறுகளைக் கலந்து 2, 4, 8, 16 மடங்கு என்று நீர்க்கச் செய்து ஓட்டுங்கள். அந்தக் கோடு, கிட்டோடு வரும் அளவு தெரிந்த ஹார்மோனை வைத்து வரைகிற நியமக் கோட்டுக்கு இணையாகச் சரிய வேண்டும். சரியவில்லை என்றால் சாற்றில் இருக்கிற வேறு ஏதோ ஒன்று ஆன்டிபாடியோடு விளையாடுகிறது. அடுத்தது, அளவு தெரிந்த ஹார்மோனைச் சாற்றில் சேர்த்து, சேர்த்த அளவு திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. ஹார்மோனைக் கரைத்தெடுக்கச் சேர்க்கிற மெத்தனால் சாற்றில் அதிகமாக நின்றாலும் ஆன்டிபாடியின் பிணைப்பு குலையும், அதனால் நன்றாக நீர்த்தே ஓட்டுங்கள்.

இவை இரண்டும் தேறிவிட்டால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இது தேறினால் கருவி ஒழுங்காக அளக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எலியின் உடம்பில் நடப்பதை அளக்கிறதா என்பது எலியிடம்தான் தெரியும். கல்லூரி விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, வயிறு தெரிகிற சில பெட்டைகளைக் கொஞ்ச காலம் கூண்டில் வைத்துக்கொள்ளுங்கள். மணலும் காய்ந்த புல்லும் நிறையப் போட்டு, ஆண் இல்லாமல், ஒவ்வொன்றும் தனியாக. தினமும் ஒரே நேரத்தில் புழுக்கை எடுங்கள். அது குட்டி போடும் நாள்தான் உங்கள் ஆய்வுக்கே அச்சாணி. குட்டி போடுவதற்கு முன்னும் பின்னும் எண் எப்படிப் போகிறது என்று அந்த நாளை நடுவில் வைத்துப் பாருங்கள். சினையில்லாத பெட்டை, சிறு பெட்டை, ஆண் இவற்றையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். சினைப்பெட்டையின் எண்ணும் ஆணின் எண்ணும் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த ஆன்டிபாடியை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். குட்டி போட்டதும் எண் விழுந்து தரையோடு கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆய்வக எலிகளில் பிரசவத்துக்குச் சற்று முன் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கும், ஆனால் பால் கொடுக்கும் காலத்தில் மறுபடி ஏறும். பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் பிடித்துவிடலாம், எலிக்குலத்தில் அது சாதாரணம். பலன் தராத சேர்க்கைக்குப் பிறகு வருகிற பொய்ச்சினையிலும் ஏறத்தாழ இரண்டு வாரம் எண் மேலேயே நிற்கும். ஆகவே எண் உயர்ந்தது, அதனால் சினை என்று ஒரே தாவாகத் தாவ முடியாது. பொறியில் விழுந்த ஒவ்வொரு பெட்டையிலும் எடை, முலைக்காம்பு நிலை, பால் வருகிறதா, பிறப்புறுப்பு திறந்திருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஹார்மோன் எண்ணும் இந்தக் குறிப்பும் சேர்ந்தால்தான் சாட்சி முழுமையாகும்.

பருவத்துக்கு வரும் நாளைக் கேட்டீர்கள். ஆய்வக எலிக்குச் சுழற்சியே 4, 5 நாள்தான், அதில் பருவம் சில மணி நேரம். புழுக்கை என்பது பல மணி நேர இரத்தத்தின் சராசரி. அந்தச் சின்ன மேடு அதில் கரைந்துவிடும். அந்த ஆசையை விட்டுவிட்டு, எந்தக் காலத்தில் எத்தனை பங்கு பெட்டைகள் சினை என்பதைப் பிடியுங்கள். உங்கள் கேள்விக்கு வேண்டியது அதுதான்.


கால்நடை, பாலக்கோடு:

மேடம் சொன்ன கடைசிப் பகுதியை நாங்கள் பசுவில் தினமும் பார்க்கிறோம். பசுவுக்கு 21 நாள் சுழற்சி. சினை ஊசி போட்ட 21லிருந்து 24ஆம் நாளுக்குள் பாலில் புரோஜெஸ்டிரோன் குறைவாக இருந்தால், சினை இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதிகமாக இருந்தால் சினை என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. சுழற்சி நீண்ட பசு, கார்பஸ் லூட்டியம் கரையாமல் நிற்கிற பசு, பின்னால் கரு கலைந்துபோகிற பசு எல்லாம் அதே பக்கத்தில்தான் வரும். உங்கள் எலியிலும் குறைந்த எண்ணை முதலில் நம்புங்கள், உயர்ந்த எண்ணுக்கு இரண்டாவது சாட்சி கேளுங்கள்.

அதைவிட முக்கியமாக, கையுறை இல்லாமல் பொறியைத் தொடாதீர்கள். எலிக் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் எலியின் சிறுநீரில் வருகிறது, கையில் இருக்கிற சின்னக் கீறல் போதும். ஸ்க்ரப் டைபஸ் எலியின் மேல் வாழும் நுண்ணிய உண்ணிப்பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது, புதருக்குள் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு ஆபத்து அதிகம். முழுக்கால் சட்டை, காலுறை, வீட்டுக்கு வந்ததும் குளியல். காய்ச்சல் வந்தால், எலி பிடிக்கிற வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பில் கருப்புப் பொருக்கு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைச் சொன்னால் மருந்து சரியாகவும் சீக்கிரமாகவும் கிடைக்கும்.


கரட்டோரம்:

தம்பி, நாங்க பென்னாகரம் தாண்டி இருக்கிற இருளருங்க. எங்க அப்பாரு காலத்துல கொல்லக்காரங்க கூப்புட்டு எலி புடிக்கச் சொல்லுவாங்க. கிட்டி வெப்போம், வளைய வெட்டியும் புடிப்போம். நீங்க உசுரோட புடிச்சு விடுறீங்கன்னு படிச்சேன், அதனால நாலு வார்த்த சொல்றேன்.

வளை வாயிலயே பொறி வெக்காதீங்க. வெள்ளெலிக்கு ஒரு வளைக்கு நாலஞ்சு வாய் இருக்கும், பொறியப் பாத்தா வேற வாயில போயிரும். ராவுல அது ஓடுற தடம் மண்ணுல தெரியும், புல்லு படிஞ்சு கெடக்கும், அதுல வைங்க. உள்ள இருந்து புது மண்ணு தள்ளி வாய அடச்சிருந்தா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். அதுலயும் குட்டி வெச்சிருக்கிற பெட்ட நல்லா இறுக்கி அடச்சிருக்கும். அந்தப் பெட்ட ராத்திரி முழுக்கப் பொறியிலயே கெடந்தா குட்டி பால் இல்லாம போயிரும். காம்புல பால் தெரிஞ்சா புழுக்க இருக்கோ இல்லயோ உடனே விட்டுடுங்க.

எரைக்கு வறுத்த கடல போதும், வாசனைக்கு வந்துரும். எறும்பு பாத்துக்கோங்க. பொறிக்குள்ள மாட்டுன எலிய எறும்பு விடியறதுக்குள்ள தின்னு போட்டுரும். மார்கழிப் பனியில தகரப் பெட்டி ஜில்லுனு ஆயிரும், உள்ள காஞ்ச புல்லு ஒரு புடி போடுங்க.

எங்க கண்ணுல பாத்தது, ராகி பால் புடிச்சு முத்துற சமயத்துலயும் கடல புடுங்குற சமயத்துலயும் வளைக்குள்ள குட்டி ஜாஸ்தி. ஆனா சித்திர வெயில்லயும் கொஞ்சம் இருக்கும். மழயா பயிரான்னு நீங்க கேக்கறது நல்ல கேள்விதான், எங்களுக்கே தெரியாது.


ராகிக்காடு:

அண்ணா, பால் இருக்கிற பெட்டையை உடனே விடுவதை என் நெறிமுறைக் குறிப்பிலேயே எழுதிவிடுகிறேன். இதை எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை. அடுத்த வாரம் பென்னாகரம் வந்தால் தடம் பார்க்கக் கூட வருவீர்களா?

டாக்டர் சார், கையுறை, காலுறை எல்லாம் பட்டியலில் சேர்த்துவிட்டேன், நன்றி.

அக்கா, பொறியில் மாட்டிய பயத்தில் ஹார்மோன் மாறிவிடாதா? அப்புறம் கொல்லையில் எடுத்த புழுக்கையைக் கல்லூரிக்குக் கொண்டுபோகும்வரை என்ன செய்வது? பேருந்தில்தான் போக வேண்டும்.


மாங்கொல்லை:

கரட்டோரம் அண்ணன் சொன்னதைப் படித்து மனசு நிறைந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதும்போது அவர் பெயரை அவர் விருப்பப்படி சேருங்கள் தம்பி. தடம் காட்டுகிறவர் கூலிக்கு வருகிறவர் இல்லை, அவரும் ஆய்வில் ஒரு பங்குதான்.

பயத்தைப் பற்றி நல்ல கேள்வி. ஹார்மோன் இரத்தத்திலிருந்து புழுக்கைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். பொறிக்குள் போன கொஞ்ச நேரத்தில் அது போடும் புழுக்கை, மாட்டுவதற்கு முந்தைய உடம்பின் கதையைத்தான் சொல்லும். அந்தத் தாமதம் நமக்கு வரம். நேரம் போகப் போக பயத்தின் கதை அதில் கலக்கும். அட்ரீனல் சுரப்பியும் கொஞ்சம் புரோஜெஸ்டிரோனை விடும். போதாததற்கு, சில ஆன்டிபாடிகள் கார்ட்டிகோஸ்டிரோனின் மிச்சங்களையும் தவறாகப் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் பயந்த ஆண் எலிகூடச் சினை மாதிரி தெரியும். அதனால் அந்தி சாய்ந்ததும் பொறியைத் திறந்து, முன்னிரவிலேயே ஒரு சுற்று, விடியலுக்கு முன் ஒரு சுற்று என்று பாருங்கள். ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலை வெயிலில் போய் அள்ளாதீர்கள். எலிக்கும் அதுதான் நல்லது. எந்தச் சுற்றில் எடுத்தது என்பதைக் குப்பியிலேயே எழுதுங்கள். கூண்டில் வைத்திருக்கிற எலிகளில் ஒன்றிரண்டைப் பொறிக்குள் விட்டு, அடுத்தடுத்த மணி நேரங்களில் எண் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது.

பொறியின் அடியில் கொஞ்சம் உயர்த்தி ஒரு கம்பி வலை போடுங்கள். புழுக்கை கீழே விழும், எலி மிதிக்காது. சிறுநீரில் நனைந்ததை எடுக்கவே எடுக்காதீர்கள். சிறுநீரில் இருக்கிற ஹார்மோன் அளவு வேறு, இரண்டும் கலந்தால் எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு எலியை எடுத்ததும் பொறியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த முறை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய எலியின் புழுக்கை இன்றைய எலியின் கணக்கில் ஏறிவிடும்.

அளவு போதும். ஆய்வகச் சுண்டெலிகளுக்குக் காய்ந்த புழுக்கை 0.05 கிராம், அதற்கு 80 சதவீத மெத்தனால் 1 மில்லி என்று செய்கிற முறை நன்றாக நிலைபெற்றது. வெள்ளெலி அதைவிடப் பெரிய உருவம், எளிதாகக் கிடைக்கும். ஆனால் மாதிரி மிகவும் குறைந்துபோனால் கிராமுக்கான எண் பொய்யாக உயர்ந்து தெரியும். அதற்கு ஒரு கீழெல்லை வைத்து, அதற்குக் குறைந்ததை ஓட்டாதீர்கள். இரண்டு எலியின் புழுக்கையைச் சேர்க்கலாமா என்ற எண்ணம் வந்தால் வேண்டாம். ஒரே பெட்டையைத் தொடர வேண்டும் என்றுதானே இதைத் தொடங்கினீர்கள்? காயவைத்துப் பொடித்து, சலித்து, மயிரையும் உமியையும் நீக்கிவிட்டு எடை போடுங்கள். ராகி உமி நிறையத் தின்ற மாதத்தில் நார் அதிகமாகி ஹார்மோன் நீர்த்துத் தெரியும். பயிர்க் காலத்தையும் வெறுங்காலத்தையும் ஒப்பிடப் போகிற உங்களுக்கு இது பெரிய விஷயம். புழுக்கையின் நார்ப்பங்கையும் ஒரு சில மாதிரிகளிலாவது பாருங்கள்.

இப்போது குளிர்ப்பெட்டி. புழுக்கை வெளியே விழுந்த பிறகும் பாக்டீரியா வேலையை நிறுத்தாது. சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெக்கையில் அது இன்னும் வேகம். எடுத்த உடனே ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் போடுங்கள், அன்றைக்கே −20 டிகிரிக்குப் போய்விட வேண்டும். ஐஸ் கிடைக்காத இடத்துக்கு எத்தனால் நிரப்பிய சின்னக் குப்பிகள். ஆனால் எத்தனாலில் மாதக்கணக்கில் வைத்தால் எண் நகரும், உறைய வைத்ததோடு நேராக ஒப்பிட முடியாது. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டை நம்ப வேண்டாம், பனி உருக்கிக்கொள்கிற வகையில் அடிக்கடி சூடு ஏறி இறங்கும்.

பேருந்து நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்குப் பதில் அதையே சோதித்துவிடுங்கள். கூண்டு எலியின் புதுப் புழுக்கையை நன்றாகக் கலந்து பல பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை உடனே உறைய வையுங்கள். மற்றதைக் கொல்லை வெக்கையிலேயே 3 மணி, 6 மணி, 12 மணி, 24 மணி என்று விட்டு உறைய வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே எலிசா தட்டில் ஓட்டினால் எத்தனை மணி நேரம்வரை உங்களுக்குச் சலுகை இருக்கிறது என்று உங்கள் எலியே சொல்லிவிடும்.


தேன்கனிக்கோட்டை:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் புளியந்தோப்பிலும் வேலியிலும் தேவாங்கு இருக்கிறது. இதே முறையில் மரத்தடியில் கிடக்கிற எச்சத்தை எடுத்துத் தேவாங்கு எப்போது குட்டி போடுகிறது என்று பார்க்க முடியுமா? ஹைதராபாத்தில் சருகுமானுக்கு இப்படிச் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.


மாங்கொல்லை:

கேள்விப்பட்டது சரிதான். ஹைதராபாத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியின் லேகோன்ஸ் ஆய்வகமும் நேரு விலங்கியல் பூங்காவும் வனத்துறையும் சேர்ந்து 2010ல் சருகுமான் இனப்பெருக்கத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இரத்தம் எடுக்கப் பிடித்தாலே அதிர்ந்துபோகிற மிருகம் அது. அதனால் புழுக்கையில் ஹார்மோன் பார்த்து இனப்பெருக்க நிலையைக் கவனித்தார்கள். 2017 வாக்கில் அப்படி வளர்ந்தவற்றை அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் விடவும் தொடங்கினார்கள். இந்த நாட்டில் இந்த முறையால் ஒரு சின்ன உயிருக்கு நேரடியாக என்ன நன்மை கிடைத்தது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

ஆனால் அங்கே எந்தப் புழுக்கை எந்த மானுடையது, அதன் வயது என்ன, எப்போது குட்டி போட்டது எல்லாம் கையில் இருந்தது. மரத்தடியில் கிடக்கிற எச்சத்தில் அது எதுவும் இல்லை. அது தேவாங்குதானா, ஆணா பெண்ணா, நேற்றையதா போன வாரத்ததா என்று தெரியாது. டிஎன்ஏ பார்த்து இனமும் பாலும் கண்டுபிடிக்கலாம், பழசு புதுசு கண்டுபிடிக்க முடியாது. தேவாங்குக்கு நீங்கள் செய்யக்கூடியது, இரவில் சிவப்பு விளக்கோடு ஒரே இணையைத் தொடர்ந்து பார்த்து, அது எச்சம் போடுவதைக் கண்ணால் கண்ட பிறகு எடுப்பது. கஷ்டமான வேலை, ஆனால் நேர்மையான வேலை. தேவாங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1ல் இருக்கிற விலங்கு, வனத்துறை அனுமதி இல்லாமல் பின்தொடரக்கூட இறங்காதீர்கள்.

அனுமதி பற்றித் தம்பிக்கும் சொல்கிறேன். உங்கள் கொல்லை பட்டா நிலமாக இருக்கலாம். ஆனால் பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலே 2014ல் அறிவித்த காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022ல் அறிவித்த காவேரி தெற்கு சரணாலயமும் வந்துவிடும். சரணாலயத்துக்குள் ஆய்வுக்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். புழுக்கைதானே என்று அள்ளிக்கொண்டு வர முடியாது. பட்டா நிலமானாலும் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மாத வரைபடத்தில் எந்தப் பொறி எங்கே என்று காட்டும்போது அந்தக் கடிதம் தேவைப்படும்.


ராகிக்காடு:

அக்கா, கிட் வாங்குவதை நிறுத்திவிட்டேன். இதையெல்லாம் அச்செடுத்து நெறியாளரிடம் காட்டினேன், முதலில் கூண்டு எலிகளை வைத்துச் சரிபார்ப்போம், கொல்லை மாதிரி பிறகு என்று ஒத்துக்கொண்டார். நெறிமுறைக் குழுவுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கூண்டில் ஆண்களையும் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். ஆண்களில் டெஸ்டோஸ்டிரோனும் பார்த்துவிடலாமா? விதைப்பை இறங்கியிருக்கிற மாதங்களோடு ஒப்பிட முடியும் என்று தோன்றியது.


மாங்கொல்லை:

பார்க்கலாம், ஆனால் அதற்கும் தனியாக இதே சரிபார்ப்பு வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் இல்லாத வேறு ஹார்மோன்களின் மிச்சமும் அந்த ஆன்டிபாடியில் சிக்கலாம், பெட்டையிலும் எண் காட்டலாம். வளர்ந்த ஆணுக்கும் சிறு ஆணுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் மேலே போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிப் பணத்தையும் புழுக்கையையும் பிரித்துக்கொள்ள வேண்டாம், முதலில் பெட்டை.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதிப் பொடியைச் செலவழிக்காமல் −20ல் வைத்துவிடுங்கள். ஆன்டிபாடி மாற்ற வேண்டி வந்தாலோ, ஆண்களின் கேள்விக்குத் திரும்பினாலோ, மறுபடி எலியைப் பிடிக்காமல் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மனு எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள், கூண்டு அளவும் தனியாக வைக்கும் காலமும் எழுதுகிற பகுதியைக் குழு கூர்ந்து பார்க்கும், அதை நான் படித்துத் தருகிறேன்.


கரட்டோரம்:

வாங்க தம்பி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு வந்தீங்கன்னா வெளிச்சத்துலயே தடம் காட்டிருவேன், இருட்டுனதும் பொறி வெக்கலாம். சார் சொன்ன கையுற எனக்கும் ஒரு ஜோடி கொண்டாங்க.